முன்மாதிரிப் பல் கிளினிக்

பல் டாக்டருக்குப் பல்லைப் பற்றித் தெரிந்தால் போதும் என்று உலகம் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த அப்பாவித்தனத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் பல் மருத்துவமனை நிதி ஒழுக்க வாரியம் பிறந்தது. அதை யார் கேட்டார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பிறந்த கையோடு அது ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தது, வாசலில் பெயர்ப்பலகை மாட்டியது, எல்லாப் பல் டாக்டர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இனிமேல் நிதி ஒழுக்கச் சான்றிதழ் இல்லாத கிளினிக்குக்கு உரிமம் புதுப்பிக்கப்பட மாட்டாது. உரிமம் இல்லாவிட்டால் மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்தை எந்தக் கடையும் தராது. அந்த ஊசி போடாமல் பல்லைத் தொட்டால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, அடிதடி.

சுற்றறிக்கை வந்த நேரத்தில் நம் டாக்டரம்மா பேக்கரிக்காரரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சொத்தை வேர்வரைக்கும் இறங்கியிருந்தது. உள்ளே இருந்த அழுகலைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக ஒரு அடைப்பும் வைத்தாயிற்று. மருந்து வேலை செய்ய இரண்டு மாசம் விட்டு இன்னொரு முறை வந்தால் வேலையை முடித்துவிடலாம், பல் ஆயுசுக்கும் நிற்கும். வராமல் இழுத்தடித்தால் அடைப்பு பெயர்ந்து, எச்சில் இறங்கி, பல் போய்விடும். இதை அவள் அவரிடம் விளக்கிச் சொன்னாள். அவரும் வாயில் பஞ்சோடு பலமாகத் தலையாட்டினார். சொன்ன வாரத்தில் தவறாமல் வருகிற மனிதர்தான்.

வீட்டின் முன்னறைதான் கிளினிக். பின்னால் சமையலறை, படுக்கையறை, அவ்வளவுதான் வீடு. கணவருக்குக் கப்பலில் வேலை என்பதால் வீட்டுக்கு அவர் விருந்தாளி மாதிரி. கணவரின் அக்காதான் வாசல் மேஜையில் உட்கார்ந்து பெயரெழுதி, பணம் வாங்கி, அழுகிற குழந்தைகளை அதட்டி, இடையில் டீயும் போடுவார். மேஜைக்கு ஒரே ஒரு இழுப்பறை. பணம் அதில் விழும். பஞ்சு வாங்கவும் அதிலிருந்துதான், பால் வாங்கவும் அதிலிருந்துதான். மாசக் கடைசியில் ஏதாவது மிஞ்சினால் லாபம், மிஞ்சாவிட்டால் அடுத்த மாசம். நியாயமாகச் சொன்னால் இந்த விஷயத்தில் டாக்டரம்மாவுக்கு யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கத்தான் வேண்டும். கஷ்டம் என்னவென்றால் சொல்ல வந்தது வாரியம்.

பயிற்சியின் முதல் நாள் ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் எல்லோரும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். பக்கத்துத் தெரு டாக்டரும் வந்திருந்தார். வழுக்கைத் தலை, நல்ல உயரம். டாக்டரம்மாவின் பலகையைவிடப் பெரிய பலகை வைத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்குப் பார்த்து அடுத்தடுத்த நாற்காலி கிடைத்தது. வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், வலது கையைப் பணப்பையின்மேல் வைக்க வேண்டும், "வரவே முதல், வாய் அடுத்தது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பணப்பை கொண்டுவராதவர்களுக்கு வாசலில் ஒன்று விற்றார்கள். பக்கத்துத் தெரு டாக்டர் அதில் ஒன்று வாங்கியிருந்ததை டாக்டரம்மா ஓரக்கண்ணால் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தாள்.

பிறகு வாரியத் தலைவர் மேடையேறினார். அடக்கமானவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைத் தன் அறிமுகத்தில் தானே சொல்லிக்கொண்டார்.

"நானும் பல் டாக்டருக்குத்தான் படிச்சேன். ஆனா படிச்சு முடிச்ச நாள்லேர்ந்து ஒரு பல்லைக்கூடத் தொட்டதில்ல. அதனாலதான் எனக்கு இதுவரைக்கும் ஒரு காசு நஷ்டம் வந்ததில்ல. இதை நீங்க வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாக்கணும்."

கை தட்டுவதற்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததால் கூடம் அதிர்ந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் எழுந்து, வாரியம் லாபத்தில் நடக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"எங்களுக்கு வர்ற நஷ்டம் வளர்ச்சி நஷ்டம். உங்களுக்கு வர்ற நஷ்டம் ஒழுக்கக் குறைவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

கேள்வி கேட்டதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பது ரசீது வந்தபிறகுதான் தெரிந்தது. அதோடு கூடத்தில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு பயிற்றுநரை அனுப்பினார்கள். டாக்டரம்மாவுக்கு வாய்த்தது ஒரு இளைஞன். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சதவீதம். மழை வரும்போலிருக்கிறதே என்றால்கூட எத்தனை சதவீதம் என்று பதறாமல் சொல்வான். நாத்தனார் அவனுக்கு முதல் நாளே சதவீதத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டார். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

முதல் பாடம், கிளினிக் பணமும் வீட்டுப் பணமும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது. டாக்டரம்மா உடனே ஒத்துக்கொண்டாள். மேஜைக்கு இரண்டாவது இழுப்பறை போட்டாயிற்று. இத்தனை வருஷமாக இது நமக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பயிற்சி அந்த இடத்தில் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சதவீதத் தம்பி தன் பையிலிருந்து அடுத்த தாளை எடுத்தான். பணம் பிரிந்துவிட்டது, ஆள் இன்னும் பிரியவில்லை என்றான். கிளினிக்கின் முதலாளி ஒருத்தர், அதில் வேலை பார்க்கும் டாக்டர் இன்னொருத்தர். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதுதான் நாட்டில் பல் கிளினிக்குகள் நொடிப்பதற்கு அறுபது சதவீதக் காரணமாம்.

ஆகவே முதலாளியம்மா டாக்டரம்மாவை முறைப்படி வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நேர்காணல் கட்டாயம். மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டையும் முடித்துவிடலாம் என்று அவள் நினைத்தது நடக்கவில்லை, இடம் மாறாத பதில் செல்லாது என்று தம்பி சொல்லிவிட்டான். இங்கே ஏன் வேலைக்குச் சேர விரும்புகிறீர்கள் என்று அவள் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். சுற்றிப் போய் உட்கார்ந்து, எனக்கு வேற போக்கிடம் இல்லை என்றாள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாத்தனார், பதில் திருப்தியாக இல்லை, இருந்தாலும் பரவாயில்லை என்றார்.

சம்பளத்தைத் தம்பிதான் நிர்ணயித்தான். சந்தை விலையாம். அவள் வாழ்நாளில் பார்த்திராத தொகை அது. மாசா மாசம் முதலாளி இழுப்பறையிலிருந்து எடுத்து டாக்டர் இழுப்பறையில் போட வேண்டும். வீட்டுச் சொந்தக்காரி என்ற முறையில் அவளுக்கு அவளே வாடகை வேறு கொடுக்க வேண்டும். பணம் அதே மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர ஒரு ரொட்டி அதிகமாக வீட்டுக்கு வரவில்லை.

நடுவில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் முறைப்படி விடுப்பு விண்ணப்பம் எழுதி முதலாளியின் மேஜையில் வைத்தார். முதலாளிக்கும் அதே காய்ச்சல் என்பதால் ஒப்புதல் கையெழுத்துப் போட மேஜைக்கு வர முடியவில்லை. ஆகவே டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதாகக் கோப்பில் ஏறியது. குணமாகி வந்த அன்று முதல் வேலையாக முதலாளியம்மா டாக்டரம்மாவுக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பாணை கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டதற்கு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

டீ விஷயம் இன்னும் சங்கடமாகிவிட்டது. அடுப்பு வீட்டில் இருக்கிறது, குடிக்கிறவள் கிளினிக்கில் இருக்கிறாள். வீட்டுச் சொத்து எல்லை தாண்டுகிறது என்று தம்பி கவலைப்பட்டான். அன்றிலிருந்து நாத்தனார் டம்ளரோடு நிலைப்படியில் வந்து நிற்பார். குடிக்கப்போவது முதலாளியா டாக்டரா என்று கேட்பார். டாக்டர் என்றால் காசு கொடுத்துவிட்டு அங்கேயே குடிக்கலாம். முதலாளி என்றால் உள்ளே வந்து சும்மா குடிக்கலாம். இந்த விசாரணை முடிவதற்குள் டீ ஆறிவிடும். கொஞ்ச நாளில் டாக்டரம்மா டீ குடிப்பதையே விட்டுவிட்டாள்.

அவளுடைய வைத்தியத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் நாற்காலியை உடனே சாய்க்க மாட்டாள். அவர்கள் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளை படிப்பு, வீட்டு ஒழுகல், எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். இறுக்கிப் பிடித்த விரல் தானாகத் தளர்ந்த பிறகுதான் நாற்காலி சாயும். சதவீதத் தம்பி ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தோடு மூலையில் உட்கார்ந்து இதை அளந்தான். நாற்காலி வேலை செய்யாத ஒவ்வொரு நிமிஷமும் பணம் ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்றான். பேச்சை நிறுத்த முடியாது என்று டாக்டரம்மா பிடிவாதமாகச் சொன்னதால் அதற்கும் கட்டணம் வாங்கிவிடலாம் என்று சமாதானத்துக்கு வந்தான். விலைப்பட்டியலில் புதிதாக ஒரு வரி ஏறியது: பயம் தெளிவித்தல், தனிக் கட்டணம். மறுநாள் வந்த ஒரு அம்மாள் அதைப் படித்துவிட்டுத் தனக்குப் பயமே கிடையாது என்று சாதித்தார். சாதித்த வேகத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பெயர்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு அலமாரி. உள்ளே தூங்குகிற மருந்தெல்லாம் தூங்குகிற பணமாம். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்கு வாங்கிக்கொண்டால் போதும், மிச்சத்தைக் கடைக்கே திருப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. பாதி ராத்திரியில் யாராவது வலியோடு வந்தால் என்ன செய்வது என்று நாத்தனார் கேட்டார். முன்கூட்டியே தெரிவிக்காத வலியை நிதித் திட்டத்தில் சேர்க்க இடமில்லை என்று தம்பி வருத்தத்தோடு சொன்னான். அவன் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

இப்படியாக எல்லாப் பாடமும் முடிந்து கடைசியில் செலவுக் குறைப்புத் திட்டம் வந்தது. சான்றிதழுக்கு இதுதான் வாசல்படி. கிளினிக்கின் மிகப் பெரிய செலவு எது என்று கண்டுபிடித்து அதை வெட்ட வேண்டும். தம்பி கூட்டிப் பார்த்தான், பெருக்கிப் பார்த்தான், பென்சிலைக் கீழே வைத்தான். மிகப் பெரிய செலவு டாக்டரின் சம்பளம்.

சம்பளத்தைக் குறைத்துவிடலாமே என்றாள் டாக்டரம்மா. சந்தை விலைக்குக் கீழே கொடுப்பது சுரண்டலாம், வாரியம் ஏற்காது. டாக்டர் சம்பளமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்? அது நன்கொடை, நன்கொடையில் நடக்கும் கிளினிக்குக்கு ஒழுக்கச் சான்றிதழ் கிடையாது. சுற்றி வளைத்துப் பார்த்தால் ஒரே வழிதான் இருந்தது. உரிமம் காலாவதியாக அந்த வாரம்தான் மிச்சம். கையெழுத்துப் போடாவிட்டால் கிளினிக்கே இல்லை.

"சும்மா காகிதத்துலதான் டாக்டர். சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றான் தம்பி.

அவள் களைத்துப்போயிருந்தாள். இத்தனை நாளும் அவளை வாட்டியது வேலை இல்லை, வேலையைப் பற்றிய வேலை. இது ஒன்று முடிந்தால் நிம்மதியாகப் பல்லைப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பணிநீக்க ஆணையில் கையெழுத்துப் போட்டாள். இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி என்று கீழே ஒரு வரி அச்சாகியிருந்தது. எதிர் நாற்காலிக்குப் போய் அதைப் பெற்றுக்கொண்டாள். மேல்முறையீடு செய்யும் உரிமை டாக்டருக்கு உண்டு என்று தம்பி நினைவுபடுத்தினான். செய்தாள். கோப்பில் முரண்பாடு வரக்கூடாது என்பதால் முதலாளி அதை நிராகரித்தாள். நாத்தனார் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டே வந்தது. உரிமமும் வந்தது. கூடவே இணைப்பாக ஒரு தாளும் வந்தது. இந்த முகவரியில் டாக்டர் எவரும் பணியில் இல்லை என்பது பதிவு செய்யப்பட்டதாகவும், பணியில் இல்லாதவர் இங்கே வைத்தியம் பார்த்தால் கிளினிக்கின் உரிமமும் பார்த்தவரின் மருத்துவப் பதிவும் சேர்ந்தே ரத்தாகும் என்றும் அதில் இருந்தது. அடுத்த நிதியாண்டில் விளம்பரம் கொடுத்துப் புது டாக்டரை எடுத்துக்கொள்ளலாம். செலவுக் குறைப்பில் நீக்கப்பட்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்க முடியாது. காகிதத்தில்தான் என்று சொன்ன தம்பிக்குத் தொலைபேசி அடித்தால், இதுவும் காகிதத்தில்தானே இருக்கிறது டாக்டர் என்று பரிதாபமாகச் சொன்னான். பிறகு அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

சான்றிதழ் வந்த அதே வாரம்தான் பேக்கரிக்காரர் சொன்னபடி வந்தார். நேராக நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தார். டாக்டரம்மா மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. டாக்டர் இப்போது வேலையில் இல்லை என்றாள். நீங்கள் இருக்கிறீர்களே என்றார் அவர். நான் முதலாளி என்றாள். அவர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். சிரிக்கும்போது அவளால் அவருடைய பல்லில் இருந்த அடைப்பைப் பார்க்க முடிந்தது, ஒரு ஓரத்தில் தேய ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் உடனே போய்விடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள்.

வரவு நின்றுவிட்டது, ஆனால் கூடவே செலவும் நின்றுவிட்டது. வாரியத்தின் வரைபடத்தில் அவளுடைய நஷ்டக் கோடு அலுத்துப் படுத்துவிட்டது. அதைக் கண்டு வாரியம் பூரித்துப்போனது. இப்படியொரு கிளினிக்கை மற்றவர்கள் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று முன்மாதிரியாக அறிவித்து, பார்க்க வருகிறவர்களிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, அதில் ஒரு பங்கை முதலாளிக்கும் தர ஏற்பாடு செய்தது. அப்படியாகக் கிளினிக் தன் சரித்திரத்தில் முதல்முறையாக ஒழுங்கான லாபத்தைக் கண்டது. டாக்டரம்மா தினமும் காலையில் எழுந்து கருவிகளைக் கொதிக்க வைத்து, துடைத்து, வரிசையாக அடுக்கினாள். சாயங்காலம் அப்படியே எடுத்து உள்ளே வைத்தாள். கை சும்மா இருப்பது அவளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தது.

பார்வையாளர் பேருந்து வந்த நாளில் தலைவரே கூட வந்திருந்தார். பயிற்சியில் பார்த்த அதே முகங்கள், ஆனால் கொஞ்சம் இளைத்திருந்தன. பக்கத்துத் தெரு டாக்டரும் கூட்டத்தில் கடைசியாக நின்றார். நாற்காலிக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். தலைவர் அதன் பக்கத்தில் நின்று ஒரு குச்சியால் சுட்டிக் காட்டினார்.

"இந்த நாற்காலியைப் பாருங்க. ஒரு கறை உண்டா? ஒரு கிழிசல் உண்டா? ஏன்னா இதுல யாரும் உட்கார்றதில்ல. நோயாளிதான் ஒரு கிளினிக்கோட முதல் செலவு, டாக்டர் ரெண்டாவது செலவு. இந்தம்மா ரெண்டையும் ஜெயிச்சுட்டாங்க."

கைகள் தட்டின. தட்டி ஓய்ந்தபோது வாசலில் பேக்கரிக்காரர் நின்றிருந்தார். ஒரு கன்னம் வீங்கி அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டாலும் வலி அவரை உள்ளே தள்ளியது.

"இங்க யாராவது டாக்டர் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அந்த அறையில் அப்போது இருந்தவர்களை வைத்து ஒரு நகரத்தின் வாயையே சீர்படுத்தியிருக்கலாம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பார்வையாளராக வந்தவர் கருவியைத் தொட்டால் சான்றிதழ் போய்விடும் என்று பேருந்தில் ஏறும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் அரை அடி பின்னால் போனார்கள். பின்னால் நின்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லையா என்று டாக்டரம்மா கேட்டாள். போனேன், பல நாள் போய்ப் பார்த்தேன், எப்போது போனாலும் பூட்டுத்தான் என்றார் அவர். டாக்டரம்மா கூட்டத்தின் கடைசியில் நின்ற உயரமான மனிதரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என்னையும் போன மாசமே நீக்கிட்டாங்க. அதாவது, நானே நீக்கிட்டேன்."

பேக்கரிக்காரர் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தார். டாக்டரம்மா போய் அவர் நெற்றியில் கை வைத்தாள். அனலாகக் கொதித்தது. இந்த வீக்கம் இன்றைக்கு வடியாவிட்டால் கழுத்துக்கு இறங்கும், அதற்கப்புறம் பல் டாக்டரால் ஆகிற காரியம் எதுவும் இருக்காது. அவளுக்கு அப்போது பயமாகத்தான் இருந்தது. தனக்கென்று இருந்தது அந்தப் பதிவும் அந்த அறையும்தான். இரண்டையும் காப்பாற்றத்தான் அவள் இவ்வளவு தூரம் தலையாட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் காப்பாற்றி வைத்து அவள் என்ன செய்தாள் என்று யோசித்தபோது நாடா கட்டின நாற்காலிதான் கண்ணில் பட்டது.

அவள் நாடாவைப் பிடித்து இழுத்தாள். தலைவர் குச்சியைத் தாழ்த்தினார்.

"அம்மா, நீங்க முதலாளி. தொட்டீங்கன்னா உரிமமும் போகும், உங்க பதிவும் போகும். நான் சொல்லலைன்னு இருக்கக் கூடாது."

"சொல்லிட்டீங்க சார். கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க," என்றாள்.

ஊசி மருந்து இல்லையே என்பது பேக்கரிக்காரரை உட்கார வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் நாத்தனார் உள்ளேயிருந்து ஒரு டப்பாவோடு வந்துவிட்டார். கடைக்குத் திருப்பி அனுப்பச் சொன்ன அன்றே அதில் கொஞ்சத்தைச் சமையலறை அலமாரிக்குக் குடியேற்றிவிட்டாராம். அது வீட்டுக் கணக்கு, வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தலைவரைப் பார்த்தே சொன்னார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்பதிவு இல்லாத நிகழ்ச்சியால் பயணத்திட்டம் தாமதமாகிறது என்று சொல்லிக் கூட்டத்தைப் பேருந்துக்கு நகர்த்தினார். அடுத்து அவர்கள் பார்க்க வேண்டிய முன்மாதிரி பக்கத்துத் தெருவில் இருந்தது. அதன் சாவிக்குச் சொந்தக்காரர் மட்டும் பேருந்தில் ஏறவில்லை. அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே எச்சில் உறிஞ்சும் குழாயை எடுத்துப் பிடித்துக்கொண்டார். வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு பேரும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது.

ஊசியைப் போட்டு, அது வேலை செய்யட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். அடைப்பு எப்போதோ பெயர்ந்து போயிருந்தது. பல் நடுவில் வேர்வரைக்கும் பிளந்து சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. அவள் கண்ணாடியை வெளியே எடுத்தாள்.

"இதைக் காப்பாத்த முடியாதுங்க. எடுத்துத்தான் ஆகணும்."

பேக்கரிக்காரர் விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு நான் வந்தேனே. அன்னைக்குப் பாத்திருந்தா?"

"அன்னைக்குப் பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"அப்ப ஏன் டாக்டர் இல்லைன்னு சொன்னீங்க?"

சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. சுற்றறிக்கை இருந்தது, சதவீதத் தம்பி இருந்தான், தலைவர் இப்போதுதான் வாசலைத் தாண்டிப் போகிறார். ஆனால் இவர்கள் யாரும் அந்தப் பணிநீக்க ஆணையில் கையெழுத்துப் போடவில்லை.

"முதலாளியம்மா டாக்டரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க," என்றாள்.

அவருக்குப் பாதி உதடு மரத்துப்போயிருந்தது. இருந்தாலும் கோபம் தெளிவாகத்தான் வெளியே வந்தது.

"யாரு அந்தம்மா? அவங்கள நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும்."

டாக்டரம்மா குறடைக் கையில் எடுத்தாள்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. வாயைத் திறங்க."